மெயின் சுவிட்சின் பக்கத்தில் நின்றவருக்கு

அப்பா,

இன்று காலை எழுந்ததும், காப்பிக்குத் தண்ணீர்கூட வைக்காமல், பின்கட்டு அறையைத் திறந்தேன். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அந்தக் கறுப்புத் தோல் பெட்டியை எடுத்துத் துடைத்து, கண்ணாடிக் குழாயைப் பிடியில் பொருத்தி, சுவரில் இணைப்புக் கொடுத்தேன். இத்தனை வருடம் கழித்து எங்கே வேலை செய்யப்போகிறது என்றுதான் நினைத்தேன். முதலில் ஒரு தும்மல் போட்டு அடங்கியது. பிறகு குழாய்க்குள் கத்தரிப்பூ நிறத்தில் வெளிச்சம் பரவியது. கலைந்த கூட்டிலிருந்து குளவிகள் கிளம்புவதுபோல ஓர் இரைச்சல். பக்கத்தில் எங்கோ இடி விழுந்த பிறகு காற்றில் ஒரு வாடை இருக்குமே, அந்த வாடை அறை முழுக்க நிறைந்தது. மற்றவர்கள் தகப்பனாரை மூக்குப்பொடியிலோ விபூதியிலோ நினைத்துக்கொள்வார்கள். எனக்கு நீங்கள் இந்த வாடையில்தான் இருக்கிறீர்கள்.

அதை ஓடவிட்டுவிட்டு மாடிக்கு ஏறினேன். முந்தாநாள் என் ரேடியோப் பெட்டிகள் போலீஸ் கச்சேரியிலிருந்து திரும்பி வந்துவிட்டன. யுத்தம் தொடங்கியபோது கொண்டுபோனவை. ஒரு வால்வு உடைந்திருந்தது, மற்றவை பிழைத்திருக்கின்றன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே உங்கள் கருவி போட்ட இரைச்சல் மேலே என் காதுக்குள் அப்படியே கொட்டியது, ஐந்தருவி தலையில் விழுவதுபோல. அதை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றுதான் எழுந்ததுமே அங்கே போனேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அதை நான் சபித்திருக்கிறேன். இன்று கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு அதில் நின்றேன்.

நீங்கள் போய் மூன்று சாரல் முடிந்து நான்காவது தொடங்கிவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன் நடந்ததையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

சென்னையில் பௌதிகம் படித்து, கல்யாணமாகி, நான்காம் வருடமே கணவரை இழந்து தனியாளாக நான் குற்றாலத்துக்குத் திரும்பினேன். என்னோடு வந்தவை இரண்டு டிரங்குப் பெட்டிகளும் என் கணவர் தம் கையால் கட்டிய ரேடியோவும். பாட்டுக் கேட்கிற ரேடியோ மட்டும் அல்ல. நாமே அனுப்பி நாமே கேட்கிற ரேடியோ. அதற்குச் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். தென்காசிப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு என் பெயரிலேயே அதை வாங்கினேன். ஆனால் தந்தி மொழி எனக்கு அவரிடமிருந்து வந்தது அல்ல. அது அண்ணன் தந்தது. தென்காசி ஸ்டேஷனில் தந்தி வேலை பழகிய நாட்களில், சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் விரலால் தட்டியே எனக்கு எழுத்துகளைப் பழக்கிவிட்டான். "சாப்புடுத எடத்துல என்னலே தாளம்?" என்று நீங்கள் அதட்டுவீர்கள். அது தாளம் இல்லை அப்பா. பெரும்பாலும் உங்களைப் பற்றிய கேலி.

பிறகு அவன் ரங்கூனுக்கு வேலையாகப் போனான். அங்கே ஒரு பர்மாப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். நீங்கள் கத்தவில்லை, யாரையும் கூப்பிட்டு வைத்து அழவில்லை. அவன் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பச் சொன்னீர்கள். அவன் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றீர்கள். என்னைக் கூப்பிட்டு, "அவனுக்குக் காயிதம் எழுத மாட்டேன்னு சொல்லு" என்றீர்கள். சொன்னேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் அதுவரை மீறியதில்லை.

ஒருநாள் பள்ளிக்கூட முகவரிக்கு அவனிடமிருந்து நான்கு வரிக் கடிதம் வந்தது. அவனும் லைசென்ஸ் வாங்கி ஒரு சின்ன நிலையம் கட்டியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் நேரம் ஐந்தரை மணிக்கு நாற்பது மீட்டர் அலையில் என்னைக் கூப்பிடுவதாக எழுதியிருந்தான். நான் பதில் எழுதவில்லை. மாடியில் ஏரியல் கம்பி கட்ட ஆரம்பித்தேன்.

உங்களிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

"ஏட்டி, இந்தக் கம்பத்துல கொழும்புப் பாட்டு கேக்குமா?"

"கேக்கும்ப்பா."

"மெட்ராசு?"

"அதுவும் கேக்கும்."

"அப்பச் சரி. சீசனுக்கு வாரவனெல்லாம் நம்ம வீட்டையே கேட்டு வருவான்."

செங்கோட்டையிலிருந்து இரண்டு மூங்கில் வாங்கி வந்து ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி மொட்டைமாடியில் நிறுத்தினோம். ஒரு முனை அதில், மறு முனை கொல்லைத் தென்னையில். நடுவில் அறுபத்தாறு அடிச் செப்புக் கம்பி. ரங்கூன் வடகிழக்கே இருக்கிறது. கம்பி அதற்குக் குறுக்கே நிற்க வேண்டும். பள்ளிக்கூட உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்து அந்தத் தென்னையைத் தேர்ந்தெடுத்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. "அந்த மரம்தான் வேணுமா? பக்கத்துல இன்னொண்ணு நிக்கே" என்று நீங்கள் கேட்டபோது, "அதுல கொரங்கு ஜாஸ்தி" என்றேன். குரங்குகள் எந்த மரத்தையும் விட்டுவைக்கவில்லை. கம்பியில் தொங்கி ஆடிய ஒன்றைப் பார்த்து நீங்கள், "பாட்டு கேக்க வந்திருக்காரு, வாடகையக் கேளு" என்றது நினைவிருக்கிறது.

இரண்டு முறை கம்பி அறுந்தது. சாரல் காற்றில் தென்னை ஆடும், மூங்கில் ஆடாது. புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். நீங்கள் ஒரு நாள் முழுக்கக் கிணற்றடியில் உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சாயங்காலம் எழுந்து, கிணற்று உருளை ஒன்றைத் தென்னையில் கட்டச் சொன்னீர்கள். கம்பியின் முனையில் கட்டிய கயிறு அந்த உருளை வழியாகக் கீழே இறங்கியது. அதன் நுனியில், சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடும் வாடகை வீட்டுச் சமையலறையிலிருந்து எடுத்துவந்த ஆட்டுக்கல் குழவியைத் தொங்கவிட்டீர்கள். மரம் இந்தப் பக்கம் சாய்ந்தால் குழவி இறங்கும், அந்தப் பக்கம் சாய்ந்தால் ஏறும். கம்பி மட்டும் எப்போதும் ஒரே இழுப்பில் நிற்கும். மூன்று வருடம் கழித்துச் சீமையிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் அதே ஏற்பாட்டைப் படத்தோடு பார்த்தேன். அவர்கள் இரும்புக் குண்டு தொங்கவிட்டிருந்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையை எப்படிச் சொல்வது. நான் பௌதிகம் படித்தவள். அலை என்றால் என்ன, அது எப்படிக் கிளம்புகிறது, வானத்தின் எந்த அடுக்கில் பட்டுத் திரும்பி விழுகிறது என்று கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறவள். ஆனால் அந்த ஐந்தரை மணிக்கு, ஹெட்போனில் கடல் இரைவதுபோன்ற வெறும் சத்தத்துக்கு அடியிலிருந்து, தட்டின் விளிம்பில் கேட்ட அதே விரல் கேட்டபோது நான் படித்தது ஒன்றும் துணைக்கு வரவில்லை. தந்தியில் எல்லார் கையும் ஒன்றுபோல இருக்கும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். இல்லை. கையெழுத்துப்போல அது ஆளுக்கு ஆள் வேறு. அண்ணன் எழுத்துகளைக் கொஞ்சம் முந்தித் தட்டுவான், அடுத்தது பறிபோய்விடும் என்பதுபோல. ஒரு சைக்கிள் விளக்கை எரிக்கிற அளவு மின்சாரம்தான் அவன் கம்பியிலிருந்து கிளம்பியிருக்கும். அது ஒரு கடலையும் ஒரு மலைத்தொடரையும் தாண்டி, நம் தென்னையில் குழவி இழுத்துப் பிடித்திருந்த கம்பியைத் தேடி வந்து தொட்டது. எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. நின்றுகொண்டேதான் பதில் தட்டினேன்.

குடும்ப விவகாரங்களையெல்லாம் அதில் பேசுவதற்கு விதி இடம் தராது. சோதனை விவரமும், சில்லறையான சொந்தக் குறிப்புகளும் மட்டும்தான். ஆகவே அவன், சத்தம் எப்படி, வானம் எப்படி என்று கேட்பான். பிறகு, சாரல் உண்டா என்பான். சாரல் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று பொருள். நாங்கள் அப்படிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரமே அது தானாக அப்படி ஆகிவிட்டது. வாரத்துக்கு அரைமணி நேரம். அந்த அரைமணி போய்விட்டால் எனக்கு அண்ணன் இல்லை, அவனுக்கு இந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

அடுத்த ஆண்டு ஆனி மாதம் அந்த இரைச்சல் வந்தது.

ஞாயிறு ஐந்தரைக்குச் சரியாகத் தொடங்கும், ஆறு மணிக்கு நிற்கும். மற்ற நாட்களில் இல்லை. அண்ணன் அதற்கு அடியில் எங்கோ தட்டிக்கொண்டிருப்பான். ஓர் எழுத்து கிடைக்கும், நான்கு போய்விடும். நான்கு வாரம் இப்படி. நான் சாரல் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கும், அவன் அதற்குச் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. கம்பியை இறக்கி, அதன் முனைகளில் கட்டியிருந்த பீங்கான் உருளைகளைக் கழுவி, மெழுகு பூசி ஏற்றினேன். முறுக்கிக் கட்டிய இடங்களையெல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன். இரைச்சல் குறையவில்லை.

இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு மரச்சட்டத்தில் கம்பியைச் சுற்றி, சின்ன ரேடியோப் பெட்டியோடு இணைத்து, மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு நிலையில் இரைச்சல் மறைந்துபோகும். அப்போது சட்டத்தின் முகம் பார்க்கிற கோட்டில்தான் அது இருக்கிறது. ஐந்தாவது ஞாயிறு அண்ணனை விட்டுவிட்டு வாசலில் நின்று திருப்பிப் பார்த்தேன். சட்டம் நேராகக் கிழக்கே, இலஞ்சிச் சாலையைப் பார்த்து நின்றது. அந்தச் சாலையில் ஓர் அரிசி மில் உண்டு. அவர்கள் மின்சார மோட்டார் வைத்ததும் அதே ஆனியில்தான். எனக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. மில்காரரிடம் என்னென்ன பேச வேண்டும் என்று ஒரு வாரம் மனத்துக்குள் எழுதி எழுதி அழித்தேன். தாசில்தாரிடம் போவேன் என்றுகூட அதில் இருந்தது.

அடுத்த ஞாயிறு, சிநேகிதி ஒருத்தியைப் பார்த்து வருவதாக உங்களிடம் சொல்லிவிட்டு, சட்டமும் பெட்டியுமாகக் குதிரை வண்டியில் ஏறினேன். வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, காதுல என்ன மாட்டியிருக்கிய?"

"ஒரு சத்தத்தத் தேடுதேன்."

"அதுக்கா இலஞ்சி வர போறிய? நம்ம வீட்டுக்கு வந்திருக்கலாம்லா. எம் பொஞ்சாதி இருக்கா."

மில் வாசலில் பெரிய பூட்டு தொங்கியது. காவலுக்கு இருந்த பெரியவர் கட்டிலிலிருந்து எழாமலே, "ஞாயித்துக்கிழம மில்லு கெடையாதுல்லா. எந்த ஊரு நீங்க?" என்றார். மணி ஐந்து முப்பத்தைந்து. ஹெட்போனில் இரைச்சல் இருந்தது, ஆனால் தூரத்து மழைபோல மெலிந்து கிடந்தது. சட்டத்தைத் திருப்பினேன். அது வந்த வழியையே காட்டியது.

அப்போதுதான் உறைத்தது. சட்டம் காட்டுவது ஒரு கோடு. கோட்டுக்கு இரண்டு முனை உண்டு. முகத்துக்கு எதிரே ஒன்று, முதுகுக்குப் பின்னே ஒன்று. இதை என் மாணவிகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று வாசலில் நின்றபோது எனக்கு எதிரே இருந்தது மில். முதுகுக்குப் பின்னால் இருந்தது நம் வீடு. திரும்பிப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வருகிற வழியில் ஒவ்வொரு பாலத்துக்கும் இரைச்சல் ஏறியது. நம் தெரு முனையில் ஹெட்போனைக் காதிலிருந்து தள்ளி வைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்து, பின்கட்டுக் கதவைத் தள்ளினேன்.

வேட்டியைத் தொடைவரை சுருட்டிவிட்டு, மர ஸ்டூலில் உட்கார்ந்து, கத்தரிப்பூ நிறத்தில் எரிகிற கண்ணாடிக் குழாயை முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஏட்டி, கதவத் தட்டத் தெரியாதா?"

"அப்பா, இது என்ன?"

"வைத்தியம்." குழாயை மறைக்க இடம் தேடினீர்கள், இடம் இல்லை. "மெட்ராசுக்காரன் ஒருத்தன் வித்துட்டுப் போனான். யார்ட்டயும் சொல்லித் தொலச்சிராத."

எனக்குச் சிரிப்பு பொங்கியது. சீசனுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "அருவியில ஒரு மண்டலம் நில்லுங்க, மூட்டுவலி மூணாறு தாண்டி ஓடும்" என்று சொல்லி வீடு கொடுப்பவர் நீங்கள். போன வருடம் மதுரைக்காரர் ஒருவர் இதே மாதிரிப் பெட்டியோடு வந்தபோது, குற்றாலத்துக்கு வந்து முட்டிக்குக் கரண்டு வைக்கிறவன் கங்கைக் கரையில் குழாய் தேடுகிறவன் என்று தெருவே சிரிக்கப் பேசினீர்கள்.

"சிரிக்காதட்டி. குத்தாலத்துல வீடு வச்சிருக்கவனே கரண்டு வைக்கான்னு தெரிஞ்சா எவன் இங்க வருவான்?"

"வச்சுக்கோங்கப்பா. ஞாயித்துக்கிழம அஞ்சரைக்கு மட்டும் வேண்டாம்."

"அந்த நேரந்தான தோதா இருக்கு. குடியிருக்கவங்க அருவிக்குப் போயிருதாங்க. சமையக்காரம்மா கோவிலுக்குப் போயிருதா. நீ மாடியில காத அடச்சிட்டு இருப்ப. வேற எந்த நேரம் இந்த வீடு சும்மா கெடக்கு?" பிறகு, "அப்படி என்ன கேக்க அந்த நேரத்துல? பாட்டா?" என்றீர்கள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவில் முடிந்திருக்கும். நீங்கள் வேறொரு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் குழாய் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அந்த நிமிஷமே ரங்கூனில் ஒருவன் தட்டிக்கொண்டிருந்தான், அவனை மூழ்கடித்துக்கொண்டிருந்தது உங்கள் கை. அது எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணன்" என்றேன்.

நீங்கள் சுவிட்சை அணைத்தீர்கள். குழாயை வெல்வெட்டுப் பள்ளத்தில் வைத்து, பெட்டியை மூடி, இரண்டு கொக்கிகளையும் மாட்டினீர்கள். வேட்டியை இறக்கிவிட்டீர்கள். "வெளக்க ஏத்து. இருட்டுது" என்றீர்கள்.

அந்த வாரம் நான் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. வியாழக்கிழமை மரமேறுகிறவரைக் கூப்பிட்டு, கொல்லைத் தென்னையைக் காட்டி நீங்கள் ஏதோ சொன்னதை மாடியிலிருந்து பார்த்தேன். அரிவாளோடு அவர் ஏறினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் காய்களை வெட்டிப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஞாயிறு வந்தது. ஐந்து இருபத்தைந்துக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தரைக்கு இரைச்சல் வரவில்லை. அது மட்டும் இல்லை அப்பா. எப்போதும் அடியில் கிடக்கிற முனகல், கீழே ஓடும் மின்விசிறிகளின் கரகரப்பு, சுவருக்குள் போகிற கம்பிகளின் ஓசை, எதுவுமே இல்லை. ரேடியோ பேட்டரியில் ஓடியதால் அது மட்டும் உயிரோடு இருந்தது. கரண்டு வருவதற்கு முன்னால் இருந்த குற்றாலம்போல ஓர் அமைதி. அந்த அமைதியில் அண்ணன் பக்கத்து அறையிலிருந்து தட்டுவதுபோலக் கேட்டான். ஓர் எழுத்தும் பழுதில்லை. நடுவில் கீழேயிருந்து சத்தம் வந்தது.

"ஐயா, கரண்டு போயிருச்சுங்க," அந்தச் சீசனுக்கு வாடகைக்கு இருந்தவர்.

"ஞாயித்துக்கிழம அப்படித்தான்," நீங்கள்.

"போன ஞாயிறு இருந்துச்சேங்க?"

"அது தப்பா இருந்துச்சு. அருவிக்குப் போங்க. அங்க கரண்டு வேண்டாம்."

ஆறு மணிக்கு அண்ணன் விடைபெற்ற பிறகு இறங்கி வந்தேன். நடையில் மெயின் சுவிட்சின் பக்கத்தில், ஒரு கை சுவிட்சின் மேலும் மறு கை சுவரிலுமாக, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தீர்கள். அரைமணி நேரமாக அந்த முழங்காலோடு நின்றிருக்கிறீர்கள், யாரும் வந்து அதை ஏற்றிவிடக்கூடாது என்று. என்னைப் பார்த்ததும் சுவிட்சை ஏற்றினீர்கள்.

"கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சுப்பா."

தலையை ஆட்டினீர்கள். நொண்டிக்கொண்டே இரண்டடி நடந்து, திரும்பாமலே சொன்னீர்கள்: "நான் நின்னேன்னு அவன்ட்ட சொல்லக்கூடாது. எனக்குத் தெரியும்னே சொல்லக்கூடாது. சொல்லு."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அதன்பின் ஒரு ஞாயிறுகூட நீங்கள் தவறவில்லை. கருவியை மறுபடி தொடவும் இல்லை. வலி ஏறிக்கொண்டே போனது. நம் வீட்டுக்குக் குடிவருகிறவர்களிடம் முன்கூட்டியே, "ஞாயித்துக்கிழம சாயங்காலம் அரமணி கரண்டு இருக்காது, கம்பெனி வேல" என்று சொல்லிவிடுவீர்கள். இரைச்சல் போய்விட்டதே, எங்கிருந்து வந்தது என்று அண்ணன் கேட்டான். மில், என்று தட்டினேன். மில்காரருக்கு நன்றி சொல்லச் சொன்னான். அந்த மனிதரைச் சாலையில் பார்க்கும்போதெல்லாம் நான் தலைகுனிந்துகொண்டு போவேன்.

பிறகு யுத்தம் வந்தது. லைசென்சுகள் எல்லாம் ரத்து, பெட்டிகளை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ரேடியோவைக் கட்டிவைப்பதற்கு முந்தின ஞாயிறு, ஐந்தே முக்கால் இருக்கும், படியில் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறி வந்தீர்கள்.

"கீழ யாரு நிக்கா?"

"சமையக்காரம்மாவ நிறுத்தியிருக்கேன். சுவிட்சத் தொட்டா ஷாக் அடிக்கும்னு அவ ஓடப் பாத்தா. கம்பக் குடுத்துக் காவல் போட்டிருக்கு."

ஹெட்போனை உங்கள் காதில் வைத்தேன். உங்களுக்கு அந்த மொழி தெரியாது.

"இதுல எது அவன்?"

"எல்லாமே அண்ணன்தான்ப்பா."

மறுபடி கேட்டீர்கள். உங்கள் விரல் தொடையில் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. "விரசால்லா அடிக்கான்," என்றீர்கள். "சின்னதுலயும் இப்படித்தான். சோத்த மெல்லவே மாட்டான்."

வருடக்கணக்காகத் தந்தி வேலை பார்க்கிறவர்கள்தான் ஒருவன் கையை அடையாளம் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். ஓர் எழுத்தும் தெரியாத நீங்கள் கால்மணி நேரத்தில் சொல்லிவிட்டீர்கள். அவன் என்ன சொல்கிறான் என்று நீங்கள் கேட்கவே இல்லை. அவன் அப்போது, அங்கே சாரல் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஒரு கையால் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால், மிகவும் நன்றாக இருக்கிறது என்று தட்டினேன்.

பெட்டிகள் போன பிறகு வந்த ஞாயிறு சாயங்காலம், நடையில் கட்டென்று சத்தம் கேட்டது, மின்விசிறி நின்றது. வந்து பார்த்தேன். பழைய இடத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"அப்பா, பெட்டிதான் இல்லையே."

"அவன் அங்க அடிச்சிட்டுத்தான இருப்பான்."

அங்கேயும் தடைதான் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அடுத்த வாரமும் நின்றீர்கள், அதற்கடுத்த வாரமும். ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி வந்த பிறகு, ஐந்து மணிக்கே போய் நிற்க ஆரம்பித்தீர்கள். நிற்க முடியாத நாட்களில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தீர்கள். கேட்பதற்குக் கருவி இல்லாத வீட்டில், வராத ஒரு சத்தத்துக்காக ஒரு மனிதர் வாராவாரம் இடத்தைச் சுத்தமாக வைத்திருந்தார். எத்தனையோ பெரிய கோபுரங்களைப் படத்தில் பார்த்திருக்கிறேன், கடலுக்கு அப்பால் பேசுகிற நிலையங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அந்த ஸ்டூலுக்கு முன்னால் எனக்கு வந்த மலைப்பு எதற்கும் வந்ததில்லை.

அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தி, நீங்கள் போய் ஒரு வருடம் கழித்து வந்தது. மனைவியின் கிராமத்தில் யுத்தம் முடியும்வரை இருந்திருக்கிறார்கள். இப்போது ரங்கூனில்தான் இருக்கிறான், இரண்டு பெண்கள். அந்த முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தான்: அப்பா கடைசியிலாவது என் பெயரைச் சொன்னாரா?

காயிதம் எழுத மாட்டேன் என்று உங்களிடம் சொன்னதை அன்று மீறி, உங்கள் முழங்காலைப் பற்றி எழுதினேன். கடைசி நாட்களில் பெய்த மழையைப் பற்றி எழுதினேன். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை. நீங்கள் பெயரைச் சொல்லவில்லை, அது உண்மை. மற்றதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறீர்கள். அவன் அதை மறுபடி கேட்கவில்லை. அடுத்த கடிதங்களில் உங்களைப் பற்றிய வரியே இல்லை. தகப்பன் மன்னிக்காமலே போய்விட்டார் என்று முடிவுகட்டிக்கொண்டு ஒருவன் அங்கே இருக்கிறான். அப்படி இல்லை என்று அறிந்தவள் நான் ஒருத்திதான். சமையக்காரம்மாவுக்கு அது ஏதோ கம்பெனி வேலை.

அவனுக்குப் புது லைசென்ஸ் வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. நேற்று மரமேறுகிறவரை வைத்துக் கம்பியை ஏற்றியாயிற்று. வருகிற ஞாயிறு ஐந்தரைக்கு அவன் கூப்பிடுவான்.

அப்பா, உங்களுக்குக் கொடுத்த இரண்டாவது வாக்கையும் அன்று நான் மீறப்போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கடிதத்தில் எழுதினால், என்னைத் தேற்றுவதற்கு நீ கட்டிய கதை என்பான். மில் என்ற ஒற்றைச் சொல்லில் தப்பிவிட்டேன், ஆனால் நீண்ட செய்தியில் என் கை பொய் சொல்லும்போது எப்படித் தடுமாறும் என்று அவனுக்குத் தெரியும், தடுமாறவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும். ஆகவே கம்பியில்தான் சொல்ல வேண்டும். சத்தம் எப்படி, வானம் எப்படி என்று அவன் கேட்பதற்கு முன்பே, முதல் வரியாக: மில் இல்லை. இரைச்சல் அப்பா. அமைதியும் அப்பா.

சில்லறையான சொந்தக் குறிப்புகளுக்கு விதியில் இடம் இருக்கிறது. அவனுடைய வேகத்தில் இல்லாமல், ஓர் எழுத்தும் தவறிவிடாதபடி, மிக மெதுவாகத் தட்டுவேன்.